டெலஸ்கோப் வாங்கும் முன் ஆட்களைத் தேடுங்கள்: வானியல் குழுவில் சேர ஒரு வழிகாட்டி

வானம் பார்க்கும் ஆசை வந்த பலரும் முதல் வேலையாக இரவு பதினொரு மணிக்கு அலைபேசியை எடுத்து டெலஸ்கோப் விலை பார்ப்பார்கள். ‘525 மடங்கு பெரிதாக்கும்’ என்று பெட்டியில் அச்சடித்த ஒரு கருவி கண்ணில் படும். விலையும் கைக்கு அடக்கமாக இருக்கும். அந்த விலைப்பட்டியலை மூடிவையுங்கள். உங்களுக்கு இப்போது தேவை கருவி அல்ல. கருவி வைத்திருக்கும் நாலு பேர்.

காரணம் எளிது. வானம் தெரியாதவர் கையில் டெலஸ்கோப் இருந்தால் நிலாவைப் பார்ப்பார், பிறகு எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பார், மூன்றாம் வாரம் அது பரணுக்குப் போய்விடும். வானம் தெரிந்தவர் பக்கத்தில் நின்று ஒரு மணி நேரம் பேசினால், வெறுங்கண்ணிலேயே முப்பது விஷயம் தெரிய ஆரம்பிக்கும். அப்புறம் எந்தக் கருவி வேண்டும் என்பதும் தானாகத் தெரியும்.

எங்கே தேடுவது

தமிழ்நாட்டில் வானியல் குழு என்றால் பெயர்ப்பலகை மாட்டிய அலுவலகத்தை எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் ஒரு வாட்ஸாப் குரூப், மூன்று நான்கு டெலஸ்கோப், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர், ஐடி ஊழியர்கள் சிலர், எல்லோரையும் விட அதிகம் தெரிந்த ஒரு பள்ளி மாணவி. அவ்வளவுதான். அதனால் தேடுவதும் கொஞ்சம் சுற்றுவழியாகத்தான் இருக்கும்.

முதலில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் உங்கள் மாவட்டக் கிளையை விசாரியுங்கள். கிரகணம், வால்மீன், கோள்கள் கூடும் நாள் என்று எது வந்தாலும் தெருவில் டெலஸ்கோப் போட்டு மக்களைக் கூப்பிடும் அமைப்பு அது. 2019 டிசம்பர் 26 அன்று ஊட்டி, கோவை, கரூர், திருச்சி வழியாக வளைய சூரிய கிரகணம் போனபோது பள்ளி மைதானங்களில் சூரியக் கண்ணாடியோடு நின்றவர்களில் பலர் இவர்கள்தான். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு பாண்டிச்சேரி அறிவியல் இயக்கம் உண்டு.

அடுத்து கோளரங்கங்கள். சென்னை கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம், திருச்சியில் அண்ணா அறிவியல் மையம். அங்கே காட்சி முடிந்ததும் எழுந்து போய்விடாமல், வான்நோக்கு நிகழ்ச்சி எப்போது, யார் நடத்துகிறார்கள் என்று ஊழியர்களிடம் கேளுங்கள். உள்ளூர் ஆர்வலர்களை அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. பொறியியல் கல்லூரிகளிலும் அறிவியல் கல்லூரிகளிலும் மாணவர் மன்றங்கள் இருக்கின்றன. வெளியாட்களை எப்போதும் சேர்க்காவிட்டாலும் பொது நிகழ்ச்சிக்கு அனுமதிப்பார்கள்.

ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு சென்னையை விட பெங்களூர் பக்கம். அங்கே பெங்களூர் வானியல் கழகம் போன்ற அமைப்புகள் பல காலமாக இயங்குகின்றன. வேலைக்காக புனேயிலோ மும்பையிலோ இருக்கும் தமிழர்களுக்கு அதிர்ஷ்டம் இன்னும் அதிகம்: புனேயின் ஜோதிர்வித்யா பரிசன்ஸ்தா 1944 முதல் இருக்கிறது; மும்பையில் ககோல் மண்டல் 1985 முதல்.

தொடர்பு கிடைத்ததும் நீளமாக எழுத வேண்டாம். ‘வணக்கம். ஆம்பூரில் இருக்கிறேன். வானம் பார்க்க ஆசை, ஒன்றும் தெரியாது. அடுத்த நிகழ்ச்சி எப்போது? நான் வந்தால் ஏதாவது வேலை செய்யலாமா?’ இது போதும். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். டெலஸ்கோப் தூக்கவும், வரிசையை ஒழுங்குபடுத்தவும் எந்தக் குழுவிலும் ஆள் பற்றாக்குறைதான்.

சரி, நல்ல குழுவை எப்படி அடையாளம் காண்பது? கட்டணம் கேட்பது தப்பில்லை. பயணச் செலவு, சாப்பாடு, ஆண்டுச் சந்தா என்று சிறு தொகை எல்லா இடத்திலும் உண்டு. ஆனால் முதல் சந்திப்பிலேயே டெலஸ்கோப் விற்கப் பார்ப்பவர்களிடமும், ஒரு இரவுக்குப் பெரிய தொகை வாங்கிக்கொண்டு ‘பால்வீதியோடு செல்ஃபி’ என்று விளம்பரம் செய்பவர்களிடமும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அது சுற்றுலா. சுற்றுலாவுக்குப் போக ஆசையிருந்தால் போகலாம், தப்பில்லை. ஆனால் அங்கே ஒருவரும் உங்களுக்குக் கற்றுத்தர மாட்டார்கள். ராசிபலன் சொல்லும் குழுவாக இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

முதல் இரவு ஊருக்குள்ளேயே

புதியவர்கள் பலர் நேராக மலைக்குப் போகத்தான் ஆசைப்படுவார்கள். முதல் தடவை ஊருக்குள் நடக்கும் பொது நிகழ்ச்சிக்கே போங்கள். நிலாவுக்கும் கோள்களுக்கும் நகர வெளிச்சம் ஒரு பொருட்டே இல்லை. மெரினாவில் வைத்துப் பார்த்தாலும் சனியின் வளையம் வளையம்தான்.

இதற்கு நாள் குறிக்க வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரே போதும். நிலா பார்க்க வளர்பிறை சப்தமி, அஷ்டமி வாக்கில் போங்கள். பாதி நிலாவில் வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டில்தான் பள்ளங்களின் நிழல் நீளமாக விழும். மலைகள் எழுந்து நிற்கும். பௌர்ணமி நிலா டெலஸ்கோப்பில் தட்டையாக, கண் கூசும்படி இருக்கும். பௌர்ணமியன்று நிலா காட்டுகிறோம் என்று யாராவது கூப்பிட்டால் மரியாதைக்குப் போய்விட்டு வரலாம்.

வரிசையில் உங்கள் முறை வந்ததும் சில பழக்கங்கள். டெலஸ்கோப்பைப் பிடிக்காதீர்கள். இதை எவ்வளவு சொன்னாலும் கை தானாகக் குழாயைப் பிடிக்கும். அதனால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வது நல்லது. குழாய் ஒரு விரல்கடை அசைந்தால் கோள் பார்வையை விட்டே போய்விடும், நடத்துபவர் திரும்பத் தேட வேண்டும். கண்ணை ஐபீஸில், அதாவது நாம் கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸில், அழுத்தாமல் ஒரு விரல் தள்ளி வையுங்கள். மூக்குக் கண்ணாடி போட்டிருப்பவர்கள் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கழற்றிவிட்டு ஃபோகஸ் குமிழைத் திருப்பிக்கொள்ளலாம். சிலிண்டர் பவர் இருந்தால் கண்ணாடியோடு பார்ப்பதே நல்லது. மங்கலாகத் தெரிந்தால் ‘தெரியுது, தெரியுது’ என்று தலையாட்டிவிட்டு நகராதீர்கள். மங்கலாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அதைக் கேட்கத்தான் அவர் நிற்கிறார்.

பார்த்தவுடன் இறங்கிவிடவும் வேண்டாம். அரை நிமிடமாவது பாருங்கள். காற்று கொதிப்பதால் பிம்பம் ஆடும். நடுவில் ஒரு நொடி அசையாமல் நிற்கும். அந்த நொடியில்தான் வியாழனின் பட்டைகள் தெளியும்.

எதிர்பார்ப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சனி ஒரு மிளகு அளவில்தான் தெரியும். புகைப்படங்களில் ஊதாவும் சிவப்புமாக இருக்கும் நெபுலாக்கள் (விண்வெளியின் வாயு, தூசி மேகங்கள்) கண்ணுக்குச் சாம்பல் நிறப் புகை மாதிரிதான் இருக்கும், ஏனென்றால் மங்கிய வெளிச்சத்தில் நம் கண் நிறம் பார்க்காது. இதை முன்பே அறிந்து போனவர்கள் ஏமாறுவதில்லை. சனியின் வளையம் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பைக் காட்டிக் கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்தது. இப்போது வருடா வருடம் மெல்லத் திறந்துகொண்டு வருகிறது. இந்த ஆண்டு பார்த்ததை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டும் பாருங்கள்.

மொட்டை மாடியில் ஒரு மாத வீட்டுப்பாடம்

முதல் நிகழ்ச்சிக்கும் மலைப் பயணத்துக்கும் நடுவில் கிடைக்கும் நாட்களை வீணாக்காமல் மாடிக்குப் போங்கள். வாரத்தில் மூன்று இரவு, இருபது நிமிடம். ஸ்டெல்லேரியம் போன்ற வான்வரைபடச் செயலி ஒன்றை அலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்; ஆனால் அதைப் பார்த்து வானத்தைச் சரிபார்க்காதீர்கள். வானத்தைப் பார்த்துவிட்டு, சந்தேகம் வந்தால் மட்டும் அதைத் திறங்கள்.

தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு சலுகை இருக்கிறது. நட்சத்திரப் பெயர்கள் பாதி ஏற்கெனவே மனப்பாடம். பாட்டியின் நட்சத்திரம் ரோகிணி, தம்பிக்குத் திருவாதிரை, மாமாவுக்குக் கேட்டை. சோதிடத்தை ஒதுக்கிவிட்டு, அந்தப் பெயர்கள் வானில் எங்கே நிற்கின்றன என்று தேடுவது நல்ல தொடக்கம். ரோகிணி என்பது ரிஷபத்தின் சிவந்த கண்ணான ஆல்டெபரான். திருவாதிரை, ஓரியன் என்ற வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தின் தோளில் இருக்கும் பீட்டல்ஜூஸ். மகம் ரெகுலஸ், சித்திரை ஸ்பைகா, சுவாதி ஆர்க்டூரஸ், கேட்டை அன்டாரஸ், திருவோணம் ஆல்டேர். கார்த்திகை ஒரு நட்சத்திரமே அல்ல, ஒரு கொத்து; ஆறு தெரிந்தால் உங்கள் கண்ணும் வானமும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். சித்திரா பௌர்ணமி நிலா சித்திரைக்கு அருகிலும், கார்த்திகை தீபத்து நிலா கார்த்திகைக் கொத்துக்கு அருகிலும் நிற்பதை அந்தந்த இரவில் மாடியிலிருந்தே சரிபார்க்கலாம்.

பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்குங்கள். கிட்டத்தட்ட உச்சியில் ஓரியன். நடுவில் வரிசையாக மூன்று நட்சத்திரம், தவறவே விட முடியாது. அந்த மூன்றையும் கோடிழுத்து ஒரு பக்கம் நீட்டினால் சிரியஸ், மறு பக்கம் நீட்டினால் ரோகிணி, இன்னும் போனால் கார்த்திகை. சிரியஸிலிருந்து நேராகத் தெற்கே இறங்கினால் தனியாக ஒரு பிரகாசம்: அகத்தியர் என்று நம்மவர்கள் சொல்லும் கனோபஸ். வானின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம் இது. லண்டனிலும் பாரிஸிலும் இருப்பவர்களுக்கு இது எழுவதே இல்லை. நமக்கு இரண்டரை முஷ்டி உயரத்தில் நிற்கிறது.

முஷ்டி என்பது வான்நோக்குபவர்களின் அளவுகோல். கையை நீட்டி மடக்கிய முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. சுண்டுவிரல் நகம் ஒரு பாகை. சென்னையில் துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில், அதாவது ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். நாகர்கோவிலில் 8 பாகைதான்; மரமோ மூட்டமோ மறைத்துவிடும். உங்கள் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அதுதான் அதன் உயரம்.

மே நடுவில் அதே நேரத்தில் வானம் முழுக்க மாறியிருக்கும். வடக்கே சப்தரிஷி மண்டலம் உயரத்தில். அதன் வால் வளைவை அப்படியே நீட்டினால் சுவாதி, மேலும் நீட்டினால் சித்திரை. வாலின் நடு நட்சத்திரம் வசிட்டர். ஒட்டினாற்போல் மங்கலாக அருந்ததி. கல்யாணத்தில் பட்டப்பகலில் கைநீட்டிக் காட்டி, ‘பார்த்தாச்சா?’ என்று கேட்டு, எல்லோரும் பார்த்ததாகத் தலையாட்டிய அதே அருந்ததி. இப்போது நிஜமாகவே பார்க்கலாம். டெலஸ்கோப்பில் வைத்தால் வசிட்டரே இரண்டாகப் பிரிவார். அதை முதல் தடவை பார்ப்பவர்கள் பாதிப் பேர் சத்தம் போடுவார்கள்.

தெற்கே திரும்புங்கள். அடிவானத்துக்கு ஒன்றரை, இரண்டு முஷ்டி மேலே சின்னச் சிலுவை: தென்சிலுவை. ஆஸ்திரேலியாவின் கொடியில் இருப்பது. மேலே சித்திரை. சித்திரை நேர் தெற்கில் வரும்போது அதிலிருந்து நேர் கீழே மூன்றரை முஷ்டி இறங்குங்கள். இருட்டான இடத்தில் அங்கே மங்கலான பஞ்சுப்பொட்டு ஒன்று வெறுங்கண்ணுக்கே தெரியும். ஒமேகா சென்டாரி. சுமார் 17,000 ஒளியாண்டுத் தொலைவில், ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள் உருண்டையாகக் குவிந்த கொத்து. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலிருந்து இதைப் பார்க்கவே முடியாது. வாணியம்பாடிக்கு அருகே, ஜவ்வாது மலையில் காவலூர் வான்நோக்கு நிலையத்துக்கு இடம் தேர்ந்ததில் இந்தத் தென்வானமும் ஒரு காரணம்: நில நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடக்கும் தெற்கும் இரண்டும் கிடைக்கும்.

இந்தப் பகுதியை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்க, பிரிட்டிஷ் வானத்துக்கு எழுதியவை. அவற்றைப் படித்துவிட்டு, துருவ நட்சத்திரத்தைத் தலைக்கு அருகே தேடிக்கொண்டு நிற்பார்கள் நம் ஆட்கள்.

எந்த மாதம், எந்த இரவு

இருட்டு வானம் பார்க்க அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை. எல்லாக் குழுக்களும் இப்படித்தான் நாள் குறிக்கும். அமாவாசைக்கு மூன்று நாள் முன்பின் பரவாயில்லை. வருடத் தொடக்கத்திலேயே காலண்டரில் அமாவாசைகளை வட்டமிட்டு, அந்த வாரக்கடைசிகளில் கல்யாணம், காதுகுத்து ஏதும் வருகிறதா என்று பார்த்து வைப்பது நல்லது. ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் வீட்டில் வேறு வேலை இருக்கும் நாட்கள் என்பதை மறக்க வேண்டாம்.

மழைதான் அடுத்த எதிரி. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்கு மாவட்டங்களின் வானத்தை மூடும். டிசம்பர் 13, 14இல் வரும் ஜெமினிட் எரிகல் மழையைப் பார்க்கக் கிளம்பி, டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பும் வருடங்கள் உண்டு. மேற்கு மலைப்பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை சிரமம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் நமக்கு அறுவடைக் காலம். பால்வீதியின் மையத்தைப் பார்க்க ஆசையென்றால் ஏப்ரல் அமாவாசையில் நள்ளிரவு தாண்டியும் விழித்திருங்கள். தேளும் தனுசும் தென்கிழக்கில் ஏறி வரும்.

மலைக்குப் போகும் இரவு

ஜவ்வாது மலை, ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை என்று குழுவுக்குக் குழு இடம் மாறும். இடம், அனுமதி இரண்டையும் அமைப்பாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். வனத்துறை எல்லைக்குள் இரவில் தங்க அனுமதி வேண்டும்; ‘யாரும் கேட்க மாட்டார்கள், வாருங்கள்’ என்று கூப்பிடும் குழுவோடு போகாதீர்கள். யானை நடமாடும் பகுதியாக இருந்தால் இன்னும் கண்டிப்பாக.

பெண்கள், குழந்தையோடு வருபவர்கள் தயங்காமல் முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்விகள்: கழிப்பறை எங்கே, தங்கும் அறை உண்டா, வேறு பெண்கள் வருகிறார்களா, நடுவில் திரும்ப வேண்டுமென்றால் வண்டி கிடைக்குமா. இதற்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியாத அமைப்பாளர் வானத்தைப் பற்றி எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் அந்தப் பயணத்தை விட்டுவிடலாம். முதல் தடவை வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு போவதும் நல்லதுதான். பாதி வீடுகளில் துணைக்கு வந்த அம்மாதான் பிறகு தவறாமல் வருகிறார்.

எடுத்துப் போக வேண்டியவை அதிகமில்லை. பாய் அல்லது கனத்த பெட்ஷீட், படுத்துப் பார்க்கத்தான் எரிகல் மழைக்கு வசதி. ஸ்வெட்டர், தலைக்குக் குல்லா. சென்னைக்காரர்கள் மலைக்குளிரைக் குறைத்தே நினைப்பார்கள். கொசுவுக்குக் களிம்பு; ஸ்பிரே வேண்டாம், லென்ஸில் படியும். மூடிய காலணி கட்டாயம், இருட்டில் பாம்பும் முள்ளும் தெரியாது. ஃபிளாஸ்க்கில் டீ. கொறிக்க ஏதாவது, ஆனால் கையைத் துடைத்துவிட்டு ஐபீஸ் பக்கம் போங்கள். முறுக்கு எண்ணெய் லென்ஸிலிருந்து போகவே போகாது.

அப்புறம் சிவப்பு விளக்கு. இதுதான் இருட்டு முகாமின் முதல் சட்டம். கண் முழுதாக இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். ஒரு வெள்ளை வெளிச்சம் அதை நொடியில் கெடுத்துவிடும். சிவப்பு ஒளி அந்தளவு பாதிக்காது. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாக டார்ச்சில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் போதும். அலைபேசியை உள்ளேயே வையுங்கள். காரில் வருபவர்கள் இருட்டும் முன்பே வந்து, கிளம்பும் திசையைப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். கதவைத் திறந்தால் எரியும் உள்விளக்கையும் அணைத்து வையுங்கள். நள்ளிரவில் ஒருவர் ரிவர்ஸ் எடுத்தால் அந்த வெள்ளை விளக்கில் முப்பது பேரின் அரைமணி நேரம் போகும். அதற்குக் கிடைக்கும் திட்டு நியாயமானதே.

பச்சை லேசர் காட்டி வாங்கிப் போக வேண்டாம். அமைப்பாளர் ஒருவர் கையில் இருந்தால் போதும். விமானத்தின் மேலோ மனிதர் கண்ணிலோ பட்டால் ஆபத்து.

இருட்டில் மங்கலானவற்றைப் பார்க்க ஒரு வித்தை இருக்கிறது. நேராகப் பார்க்காதீர்கள், கொஞ்சம் பக்கவாட்டில் பார்வையை வைத்து ஓரக்கண்ணால் பாருங்கள். விழித்திரையின் நடுப்பகுதியை விடச் சுற்றுப்பகுதிதான் மங்கிய ஒளியை நன்றாக உணரும். ஓரியனின் வாளில் இருக்கும் எம் 42 நெபுலாவில் இதைச் செய்து பார்த்தால், சின்னப் புகையாக இருந்தது சிறகு விரித்த மாதிரி அகலும். சுமார் 1,300 ஒளியாண்டுக்கு அப்பால் நட்சத்திரங்கள் பிறக்கும் இடம் அது. அக்டோபர், நவம்பரில் மேகம் விட்டால் ஆண்ட்ரோமீடா, நம் பால்வீதி மாதிரி இன்னொரு விண்மீன் மண்டலம். 25 லட்சம் ஒளியாண்டு. அதையும் ஓரக்கண்ணால்தான்.

ஊர்க்காரர்கள் வருவார்கள். டார்ச்சோடு வந்து நின்று, ‘தம்பி, இதுல என்ன தெரியுது?’ என்று ஒரு பெரியவர் கேட்பார். வரிசையில் முதலில் அவரை விடுங்கள். அது அவர்கள் வானம், அவர்கள் இடம். எந்த மாதம் எந்த வெள்ளி எந்தப் பக்கம் எழும் என்று நமக்குத் தெரியாததை அவர்கள் சொல்வதும் உண்டு.

காலையில் கிளம்பும்போது மடக்கும் வேலையில் கைகொடுங்கள். பனி படிந்த குழாயைத் துடைக்காமல் காய விட வேண்டும், ஐபீஸ்களை எண்ணிப் பெட்டியில் வைக்க வேண்டும், தரையில் ஸ்க்ரூ கிடக்கிறதா பார்க்க வேண்டும். எந்தக் குழுவிலும் அடுத்த முறை முதல் அழைப்பு இந்த வேலைக்கு நின்றவர்களுக்குத்தான் வரும்.

நெருங்கிவந்த பிறகு

சில மாதம் போனதும், பார்ப்பதோடு நிற்பதா, ஏதாவது செய்வதா என்ற கேள்வி வரும். இரண்டும் சரிதான். ஆயுள் முழுக்க வெறுமனே ரசிக்கும் உறுப்பினர்கள் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அதே டீதான். செய்ய ஆசைப்படுபவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் முதல் கருவி: தேதி, நேரம், இடம், பார்த்தது, வானம் எப்படி. சின்ன வட்டம் போட்டுப் பார்த்ததை வரைவது இன்னும் நல்லது. கை வரையும்போதுதான் கண் கவனிக்கும்.

அடுத்த படி, மாறும் நட்சத்திரங்கள். ஒரு நட்சத்திரத்தின் பிரகாசத்தைப் பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு எழுதி அனுப்பும் வேலை. வெறுங்கண்ணே போதும் பலவற்றுக்கு. அல்கோல் என்ற நட்சத்திரம் 2.87 நாளுக்கு ஒரு முறை மங்கித் தெளியும். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் திருவாதிரை வழக்கத்துக்கு மாறாக மங்கியபோது உலகம் முழுக்க மாடிகளிலிருந்து அதைக் கணக்கெடுத்தார்கள். இவற்றையெல்லாம் தொகுப்பது 1911இல் தொடங்கிய அமெரிக்க மாறும் நட்சத்திரச் சங்கம். எந்த நாட்டவரும் அனுப்பலாம்.

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவர் ராதா கோவிந்த சந்திரா. இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் ஜெசோரில் கருவூல ஊழியர். வேலை முடிந்து வந்து இரவில் மாறும் நட்சத்திரங்களைப் பார்த்துப் பல்லாயிரம் குறிப்புகள் அனுப்பினார். அந்தச் சங்கம் 1926இல் அவருக்கு 6 அங்குல டெலஸ்கோப் ஒன்றைக் கப்பலேற்றி அனுப்பியது. அதே கருவி பிற்காலத்தில், காவலூர் நிலையத்தை உருவாக்கிய வானியலாளர் வைணு பாப்பு வழியாக நம் காவலூருக்கே வந்து சேர்ந்தது. 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்க்க எல்லோரும் காவலூர் போகிறார்கள். சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம், கிளம்பும் முன் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். குழுவாகப் போனால் கேள்வி கேட்க வசதி.

கைவேலை பிடித்தவர்களுக்கு டெலஸ்கோப்புக்கான குழிக்கண்ணாடியைத் தாங்களே தேய்த்துச் செய்யும் பயிற்சி இருக்கிறது. இரண்டு கனத்த கண்ணாடி வட்டங்களுக்கு நடுவே கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் போட்டு மேலும் கீழுமாகத் தேய்த்தால் மேலே இருப்பது குழிந்து, கீழே இருப்பது புடைக்கும். பொடியை நைசாக்கிக்கொண்டே போய், கடைசியில் தாரும் சீரியம் ஆக்ஸைடும் வைத்துப் பளபளப்பாக்குவார்கள். பல நாள் வேலை. இதை ஒருமுறை செய்தவர்கள் பிறகு எந்த டெலஸ்கோப்பையும் பயமில்லாமல் திறப்பார்கள்.

வரவிருக்கும் இரண்டு நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள், எந்தக் குழுவிலும் அன்று ஆள் தேவைப்படும். 2028 டிசம்பர் 31 இரவு முழுச் சந்திர கிரகணம். இந்தியாவில் பத்தரை மணி வாக்கில் உச்சம். புத்தாண்டுக் கூட்டம் எப்படியும் தெருவில் இருக்கும். 2031 மே 21 அன்று தென்னிந்தியாவின் தெற்குப் பகுதி மேல் வளைய சூரிய கிரகணம். சூரியனைச் சரியான வடிகட்டி இல்லாமல் ஒருபோதும் பார்க்கக் கூடாது, அதிலும் டெலஸ்கோப் வழியாக ஒரு நொடி கூட. எக்ஸ்ரே பிலிம், கறுப்புக் கண்ணாடி, சாணித் தண்ணீர் எல்லாம் ஆபத்து. அன்று வரிசையில் நின்று இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கே பத்துப் பேர் வேண்டும்.

இப்போது வாங்கலாம்

ஆறு மாதம் போன பிறகும் ஆசை குறையவில்லையென்றால் வாங்குங்கள். முதலில் 10×50 அல்லது 7×50 பைனாகுலர் (முதல் எண் எத்தனை மடங்கு, இரண்டாவது முன் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில்). வியாழனின் நான்கு பெரிய நிலாக்களும், கார்த்திகையும், ஒமேகா சென்டாரியும் அதில் வரும். டெலஸ்கோப்தான் வேண்டும் என்றால் 6 அல்லது 8 அங்குல டாப்சோனியன்: மரப்பெட்டி மேல் உட்கார்ந்த குழாய், மின்சாரம் இல்லை, ரிப்பேர் இல்லை. மடங்கு எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு டெலஸ்கோப்பால் பயனுள்ள முறையில் பெரிதாக்க முடிவது அதன் முதன்மை லென்ஸ் அல்லது கண்ணாடியின் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு மடங்குதான். 60 மில்லிமீட்டர் குழாயில் 120க்கு மேல் போனால் பெரிய மங்கல்தான் கிடைக்கும். பெட்டியில் போட்டிருந்த அந்த 525இன் கதை இதுதான்.

குழுவிலேயே பழையது கிடைக்கும். பெரியது வாங்கியவர் சின்னதை விற்பார், அதுவும் நீங்கள் பலமுறை பார்த்துப் பழகிய கருவியாகவே இருக்கும். வாங்கி வந்ததும் உள்ளே இருக்கும் கண்ணாடியில் தூசி தெரியும். துணியால் துடைத்துவிடாதீர்கள், பூச்சு கீறிவிடும். கொஞ்சம் தூசியால் பிம்பம் கெடாது. மிகவும் அழுக்கானால் அடுத்த சந்திப்புக்கு எடுத்துப் போங்கள். கழுவத் தெரிந்தவர் ஒருவர் எப்படியும் இருப்பார்.